கூடாரத்தில் என் நாத்தனார் கேட்ட சேலை

கூடாரத்தில் உறங்குவது என் வயதுக்கும் நான் வகித்த பதவிக்கும் பொருந்தாத செயல் என்றே கருதிவந்தேன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துத் துறைத்தலைவராக ஓய்வு பெற்றவள் நான். போடிநாயக்கனூர்க் கடைவீதியில் நடந்தால், எதிரே வரும் பெண்களில் பலர் என் மாணவியராக இருப்பார்கள்; இல்லையெனில் என் மாணவியரின் மகள்களாக இருப்பார்கள். ஆகவே எப்படி உடுத்துகிறேன், எவருடன் நிற்கிறேன், எங்கே குரலை உயர்த்துகிறேன் என்பவற்றில் எப்போதும் கவனமாக இருந்திருக்கிறேன். இதைக் கர்வம் என்பவர்கள் உண்டு. நான் ஒழுங்கு என்பேன்.

அப்படிப்பட்டவள் சென்ற ஐப்பசியில் ஏலமலைச் சரிவில் ஒரு நைலான் கூடாரத்தில் ஓர் இரவைக் கழித்தேன். உடன் இருந்தவள் என் நாத்தனார். காலஞ்சென்ற என் கணவரின் ஒரே தங்கை. அங்கே நிகழ்ந்ததை அவளுடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன். “எழுதுங்க மதினி, பேரு மட்டும் போடாதீக” என்றாள். போடவில்லை.

அவளுக்கு அறுபதை ஒட்டிய வயது. குழந்தைகள் இல்லை. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச்சென்ற சிறிய ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு அப்பால், சரிவில் இருக்கிறது. காலையில் வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பில் அந்தப் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறுவாள். பொழுது சாய்ந்ததும் அவர்களோடே இறங்குவாள். அது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல என்று நான் சொன்னதுண்டு. “கார் வாங்கித் தாங்க மதினி, ராணி மாதிரிப் போறேன்” என்று சிரிப்பாள். எதற்கும் சிரிக்கிறவள்.

மழை சற்று விட்டிருந்த ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, “ஒரு ராத்திரி மலையில வந்து தங்குங்களேன் மதினி. இப்ப டென்ட் போட்டுத் தாராக. மெட்ராசுல இருந்தெல்லாம் ஆளுக வந்து தங்கிட்டுப் போகுது. நீங்க இங்கனக்குள்ள இருந்துக்கிட்டு மலையவே பாக்கலையே” என்றாள்.

மறுத்தேன். அன்று மாலையே வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் தொலைபேசியில் அழைத்தான். “அத்தை அவ்வளவு ஆசையாக் கூப்பிடுறாங்கல்லம்மா, போயிட்டுத்தான் வாங்களேன்” என்றான். என் முழங்காலைக் காரணம் காட்டி, மாடிப்படி ஏறுவதற்கே தடை சொல்கிறவன் அவன். அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை. தோட்டத்தை விற்பது பற்றி நாத்தனார் யோசனை கேட்கப்போகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இன்றைய நிலையில் விற்பது உசிதமல்ல என்று சொல்லுவதற்கான காரணங்களை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு கிளம்பினேன்.

வேலையாட்கள் ஜீப்பில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் தனி ஜீப் பிடித்திருந்தாள். அடிவாரத்து முந்தலைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே வந்தார். ஓட்டுநர் அதிகம் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. “ரோட்டைப் பாருங்க” என்றேன். “பாத்துக்கிட்டுத்தாம்மா போறேன்” என்றார். அதற்கும் என் நாத்தனார் சிரித்தாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் மரங்களின் இடுப்புவரை இறங்கியிருந்தது. நிழல்மரங்களுக்கு அடியில் ஆளுயரத்துக்கு ஏலச்செடிகள். அவற்றின் விளிம்பில் சமப்படுத்திய ஒரு துண்டு நிலத்தில் நீலக் கூடாரம் ஒன்று நின்றது. குரங்குக்குல்லாயும் பழைய ஸ்வெட்டரும் அணிந்து, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் முளைக்குச்சியை அடித்துக்கொண்டிருந்தார். அறுபது கடந்தவர். எல்லைப்புறத்து மலையாளம் கலந்த பேச்சு. கூடாரத்தைக் காவல் காப்பவர் என்று எண்ணினேன்.

“கயித்தை இன்னும் இழுத்துக் கட்டுங்க. காத்துக்குத் தாங்காது” என்றேன்.

“கெட்டாம் டீச்சரே.”

“நான் டீச்சர் இல்லை. கல்லூரிப் பேராசிரியர்.”

“சரி டீச்சரே.”

என் நாத்தனார் ஏலச்செடிப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

கால் கழுவ வெந்நீர் வேண்டும் என்றேன், வாளியில் சுமந்துவந்தார். அட்டை ஏறாமல் இருக்க உப்பு தூவுமாறு சொன்னேன். கூடாரத்தைச் சுற்றித் தூவினார். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஆடுகிறது என்றேன். கல் வைத்துச் சரிசெய்தார். வேலை தெரிந்த ஆள் என்று நாத்தனாரிடம் பாராட்டியும் சொன்னேன். “நெசந்தான் மதினி, நல்ல ஆளு” என்றாள்.

பொழுது மங்கும் நேரத்தில் பனி சற்று விலகிக் கீழே சமவெளி தெரிந்தது. போடியின் விளக்குகள் முதலில் எரிந்தன. பிறகு சிலமலைப் பக்கமும் தேவாரம் பக்கமும் ஒன்றிரண்டாக எரிந்தன. கஞ்சியும் பயறும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து வைத்தார் அந்த மனிதர். நாத்தனார் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “நீங்களும் உக்காருங்க, ஆறிப்போகும்” என்றாள். அவர் உட்கார்ந்தார். காவல்காரரை உடன் அமர்த்திச் சாப்பிடுவது எனக்கு வழக்கமில்லை. எனினும் மலையில் முறைகள் வேறாக இருக்கலாம் என்று பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. அவர் தன் தட்டில் கிடந்த காந்தாரி மிளகாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பேசிக்கொண்டே, என் நாத்தனாரின் தட்டில் போட்டார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவற்றை எடுத்துக் கடித்துத் தின்றாள். இருவரில் எவருக்கும் தாம் செய்தது எதுவும் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

என் கை கஞ்சியில் நின்றுவிட்டது.

நாற்பதாண்டு இல்லறத்தில் என் கணவர் என் தட்டில் இருந்து எதையும் எடுத்ததில்லை, எதையும் போட்டதுமில்லை. நாங்கள் அன்பாகத்தான் வாழ்ந்தோம். ஆனால் அந்த மிளகாய் எத்தகைய பழக்கத்தில் தட்டு மாறுகிறது என்பது புரியாத அளவுக்கு நான் உலகம் அறியாதவள் அல்ல.

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அவர் அப்பால் போனதும், “யார் இந்த ஆள்?” என்று கேட்டேன்.

“பக்கத்துத் தோட்டத்துக்காரரு மதினி. இந்த எடமும் அவருதுதான். என் ஏலக்காயெல்லாம் அவரு ஸ்டோருலதான் காயப் போடுறது.” சிறிது நேரம் விளக்குகளைப் பார்த்தாள். “கார்த்திகையில எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம்.”

அதைக் கேட்டதும் என்ன செய்தேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். “டார்ச் எங்கே வச்ச?” என்று கேட்டேன். அவள் மடியில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. டார்ச்சுக்குத் தேவையே இல்லை. அதை எரியவிட்டபடி எழுந்து, குனிந்து, கூடாரத்துக்குள் போய் அமர்ந்து, ஜிப்பை இழுத்தேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. மேலும் கீழும் இழுத்தேன். அசையவில்லை.

வெளியில் இருந்தே அவள் பேசினாள்.

“வீட்டுல வச்சுச் சொல்லியிருந்தேன்னா எந்திரிச்சுப் போயி ரூம் கதவச் சாத்தியிருப்பீக. அப்புறம் தீவாளி பொங்கலெல்லாம் போயிரும், கதவு தெறக்காது. அதான் இங்கன கூட்டிட்டு வந்தேன். இங்க என்னத்தச் சாத்துவீக? வெளிய வாங்க மதினி, ஜிப்பு பிஞ்சிரும்.”

நான் வெளியே வரவில்லை. அவளே உள்ளே நுழைந்து எதிரே சம்மணமிட்டு அமர்ந்தாள். கூடாரம் இருவருக்கே போதுமானதாக இல்லை, முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

“உனக்கு என்ன வயசு?”

“உங்களுக்குத் தெரியாததா? உங்க கல்யாணத்துல பூத்தட்டு தூக்குனவ நான்தான.”

“ஊர் என்ன சொல்லும் என்று நினைத்துப் பார்த்தாயா?” பதற்றத்தில் எனக்கு வகுப்பறைத் தமிழ் வந்துவிடும்.

“ஊரு சொல்லி முடிச்சிருச்சு மதினி. ஜீப்புல வர்றவளுக தை மாசத்துல இருந்து கேலி பண்ணிக்கிட்டுக் கெடக்காளுக. ஏலக்கா வாசத்துல மயங்குனது யாரு, நீயா அவரான்னு. டிரைவர் அண்ணே பத்திரிகை அடிக்கச் சொல்லிட்டாரு.”

தை மாதத்திலிருந்து. அந்த மாதங்களில் வாரந்தவறாமல் அவள் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். என்னோடு காப்பி குடித்திருக்கிறாள்.

“என் மகனுக்கு?”

“அவன்தான் டென்ட் ரோசனையச் சொன்னான்” என்றாள்.

அதற்குமேல் கேட்பதற்குப் பயமாக இருந்தது. இன்னும் எவரெவர் என்று கேட்டால் பட்டியல் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. என் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அதற்கு முந்தைய நாள்வரை அவரை என் வாசலிலேயே ஏற்றியிருக்கமாட்டேன்.

“என் சம்மதம் இல்லாமல் இது எப்படி நடக்கும்?” என்றேன் கடைசியில்.

“நான் சம்மதம் கேக்க வரல மதினி. சேலை கேக்க வந்தேன்.”

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருத்தியின் கணவர் இறந்துவிட்டால், பிறந்த வீட்டார் ஒரு புதுச்சேலை கொண்டுவந்து அவள்மீது போர்த்துவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். அவளுடைய கணவர் இறந்தபோது என் மாமியார் உயிரோடு இல்லை. ஆகவே அவளுடைய பிறந்த வீட்டு மருமகள் என்ற முறையில் அந்தச் சேலையை அவள் தோளில் போட்டவள் நான். முறைப்படி செய்தேன். கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கைநடுங்காமல் செய்தேன் என்று அப்போது பலர் சொன்னார்கள்.

“கூறைச்சேலை அவரு வீட்டுல எடுத்துட்டாக” என்றாள். “ஆனா மணவறைக்கு வரையில உடுத்திக்கிறதுக்குப் பொறந்த வீட்டுச் சேலை வேணும்ல. அண்ணன் இல்ல. உங்கள விட்டா எனக்குப் பொறந்த வீடுன்னு யாரு இருக்கா? கோடியப் போட்டது உங்க கைதான். இதையும் அந்தக் கைதான் தரணும். நீங்க தரலைன்னா கல்யாணம் ஒண்ணும் நிக்காது. பொறந்த வீடு இல்லாதவளாப் போயி நிக்கணும். அம்புட்டுத்தான்.”

அவள் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்வது எனக்குத் தெரியும். அவள் சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். மழை தூறத் தொடங்கியது. கூடாரத்துணியில் அது பொரி பொரிவதுபோல் ஒலித்தது. சற்று நேரத்தில் அவள் குறட்டை விடலானாள். ஒருவருடைய உலகத்தைத் தலைகீழாக்கிவிட்டு இப்படி உறங்க முடியும் என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். நான் உறங்கவில்லை.

வெளுத்ததும் வெளியே வந்தேன். சற்று மேலே ஒரு பாறை இருந்தது. அதில் ஏறினால்தான் டவர் கிடைக்கும் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்கள். முழங்காலைப் பொருட்படுத்தாமல் ஏறி மகனை அழைத்தேன். உறக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. “தெரியும்மா.”

“ஏன் சொல்லவில்லை?”

அவன் எழுந்து உட்காரும் ஓசை கேட்டது.

“யாரும்மா உங்ககிட்ட சொல்றது?” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவன் வழி கேட்பதுபோல் கேட்டான். நான் பதில் சொல்லாமல் துண்டித்தேன். பாறையில் இருந்து இறங்கினேன்.

கீழே அந்த மனிதர் பாலில்லாத கட்டன்காப்பியுடன் நின்றுகொண்டிருந்தார். குல்லாயைக் கழற்றியிருந்தார். முந்தின நாள் இவரைத்தான் வாளி சுமக்கச் சொன்னேன் என்ற நினைவு வந்தது, முகம் சுட்டது. ஆனால் அதற்காகக் குழைவது என் இயல்பல்ல.

“உட்காருங்க” என்றேன்.

உட்கார்ந்தார். நேர்முகத்தேர்வில் கேட்பதுபோல் கேட்டேன். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் வெளிநாட்டில் செவிலியர். அவளுக்குச் சம்மதம்; கார்த்திகைக்கு விடுப்பு எடுத்து வருகிறாள். கல்யாணம் மலைமேல் உள்ள முருகன் கோயிலில், எங்கள் முறைப்படி. கல்யாணத்துக்குப் பின் இரண்டு தோட்டத்தையும் ஒன்றாகப் பார்ப்பார்கள்; அவளுடைய நிலம் அவள் பெயரிலேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார்.

“இவ்வளவு ஒழுங்காகப் பேசுகிறீர்கள். முறையாக என் வீட்டுக்கு வந்து ஏன் கேட்கவில்லை?”

அவர் காப்பிக் குவளையைப் பார்த்தார். “பேடியாயிருந்து டீச்சரே.”

“பயமாம்” என்று கூடாரத்துக்குள் இருந்து நாத்தனார் மொழிபெயர்த்தாள். “உங்க வீட்டு கேட்டு வரைக்கும் ரெண்டு தரம் வந்துட்டுத் திரும்பி ஓடிட்டாரு மதினி. உங்க நாயி வேற கொலைச்சுருச்சாம்.”

“நாய் இல்லை எனக்கு” என்றேன்.

“பக்கத்து வீட்டு நாயி” என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன்.

நான் சிரிக்கவில்லை. ஆயினும் காப்பியைக் குடித்தேன். சம்மதம் என்றோ மறுப்பு என்றோ எதுவும் சொல்லாமல் ஜீப்பில் ஏறினேன். நாத்தனார் ஏறி என் அருகில் அமர்ந்தாள். சேலையைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவள் சிரிக்காமல் இவ்வளவு நேரம் இருந்ததைக் கண்டேன். கழுத்தை நீட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

பாதி இறக்கத்தில், ஒரு வளைவில், மேலே வந்துகொண்டிருந்த வேலையாட்கள் ஜீப்புக்காக எங்கள் வண்டி ஒதுங்கி நின்றது. அது நிறையப் பெண்கள்; தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. ஒருத்தி வெளியே தலையை நீட்டி, “என்னக்கா, மதினிகிட்டப் போட்டு ஒடச்சாச்சா? வெரட்டுனாகளா, வெளக்குமாத்த எடுத்தாகளா?” என்றாள். உள்ளே ஒரே சிரிப்பு.

பிறகு என்னைப் பார்த்தார்கள்.

சிரிப்பு நின்றது. அது தேய்ந்து நிற்கவில்லை. குழாயை மூடியதுபோல் நின்றது. ஒருத்தி துண்டைச் சரிசெய்தாள். ஒருத்தி தூக்குவாளியைப் பார்த்தாள். மூத்தவள் ஒருத்தி மட்டும் கைகூப்பி, “தப்பா எடுத்துக்கிறாதீகம்மா, சும்மா பேசிக்கிட்டு வந்தோம்” என்றாள்.

கடைவீதியில் நான் நடக்கும்போது பேச்சுகள் இப்படித்தான் அடங்கும். அதை எனக்குரிய மதிப்பு என்று பல்லாண்டுகளாக ஏற்றுவந்திருக்கிறேன். அந்த வளைவில், ஒரு முழு ஜீப்பே மூச்சை அடக்கிக்கொண்டு நான் கடந்து போவதற்குக் காத்திருந்ததைக் கண்டபோது எனக்குத் திக்கென்றது. என் மகன் கைப்பேசியில் கேட்ட கேள்வியை இத்தனை முகங்களும் கேட்டன. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

எங்கள் ஜீப் நகர்ந்தது. போடிக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் என் தெருப்பக்கம் திருப்பப் போனார்.

“நேராப் போங்க. கடைவீதியில நிறுத்துங்க” என்றேன்.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். “எதுக்கு மதினி?”

“ஜவுளிக்கடைக்கு.”

“கடை தெறந்திருக்காதே இன்னேரம்.”

“திறக்கும்வரை நிற்கலாம்.”

“இப்படியேயா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேலை கசங்கி, கரையில் சேறு. வாராத தலையில் எங்கிருந்தோ ஒட்டிய ஏலச்சருகு. இக்கோலத்தில் என் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குக்கூட நான் வந்ததில்லை.

“இப்படியேதான்” என்றேன். “ஊருக்குத் தெரிந்த செய்தியாக இருந்தால், அது என் வாயில் இருந்தும் ஊருக்குத் தெரியட்டும். என் குடும்பத்துக் கல்யாணத்தை நான் ஒளித்துவைத்தேன் என்று எவரும் சொல்லக்கூடாது.”

பூட்டிய ஜவுளிக்கடையின் படியில் இருவரும் நின்றோம். அவள் முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பால்காரர் பார்த்தார். பூக்கடைக்காரர் பார்த்தார். என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது பள்ளியொன்றில் ஆசிரியை, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

“வணக்கம் மேடம். என்ன மேடம், இங்க நிக்கிறீங்க?”

“இவளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். பிறந்த வீட்டுச் சேலை எடுக்க வந்திருக்கிறோம்.”

அவள் வியந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நெஞ்சில் கைவைத்து, “அப்பாடா, உங்ககிட்டச் சொல்லிட்டாங்களா மேடம்” என்றாள்.

கடையின் ஷட்டர் உயரும் ஓசை கேட்டது. உள்ளே போனதும் விற்பனையாளர் எங்கள் வயதைப் பார்த்துச் சாம்பல்நிறமும் மங்கிய பழுப்புமாக எடுத்துப் போட்டார். அவற்றை ஒதுக்கிவிட்டு முகூர்த்தப்பட்டு எடுக்கச் சொன்னேன். பெண்ணை அழைத்துவரவில்லையா என்று கேட்டார். பெண் இவள்தான் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. நாத்தனார் குவியலுக்குள் கைவிட்டு, கிளிப்பச்சையில் அகலமான சிவப்புக் கரை வைத்த ஒன்றை உருவினாள். எனக்குச் சிறிதும் பிடிக்காத நிறம். கல்லூரி விழாக்களில் அந்த நிறத்தை உடுத்தி வரும் பெண்களை நான் கண்டித்திருக்கிறேன். அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

“இதையே கட்டிக் கொடுங்க” என்று விற்பனையாளரிடம் சொன்னேன்.